நடத்தை விதிகளை ஊழியர்களிடம் எப்படிச் சொன்னால் போய்ச் சேரும்?

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எச்ஆர் பொறுப்பில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது: "வருடா வருடம் எல்லோருக்கும் நடத்தை விதிப் பயிற்சி கொடுக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் ஏதாவது நடந்த பிறகு விசாரித்தால் 'இது தப்புன்னே தெரியாது சார்' என்கிறார்கள். இல்லையென்றால், தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்று தெரிய வருகிறது. வேறு எப்படிச் சொல்வது?"

நீங்கள் அனுப்பும் செய்தியில் பெரும்பகுதி ஊழியருக்காக எழுதப்பட்டிருக்காது என்பது என் ஊகம். நாளைக்கு ஒரு வழக்கோ ஆடிட்டோ வந்தால் "நாங்கள் சொல்லிவிட்டோம்" என்று காட்டுவதற்காக எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேவை உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஒரே தாள் ஊழியரின் நடத்தையையும் மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

இதற்கு நல்ல உதாரணம் மார்கன் ஸ்டான்லி வங்கி. அதன் சீன ரியல் எஸ்டேட் பிரிவில் மேலாண்மை இயக்குநராக இருந்த கார்த் பீட்டர்சன், சீன அரசு நிறுவன அதிகாரி ஒருவரோடு சேர்ந்து வங்கியின் உள்கட்டுப்பாடுகளை ஏமாற்றியதாக 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வங்கியின் மீது வழக்குப் போடப் போவதில்லை என்று அமெரிக்க நீதி அமைச்சகம் அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: ஊழல் தடுப்புச் சட்டம் பற்றி அவருக்கு 7 முறை பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், குறைந்தது 35 முறை நினைவூட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. வங்கி தப்பித்தது. ஆக, பயிற்சிப் பதிவேடு வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இதே செய்தியை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். 35 நினைவூட்டலும் 7 பயிற்சியும் அந்த மனிதரைத் தடுக்கவில்லை.

நம் நாட்டிலும் இதே நிலைதான் இப்போது. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை. கம்பெனியின் சார்பில் யாராவது கொடுத்தால் கம்பெனியும் பொறுப்பு. போதுமான தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று காட்டினால்தான் அது தப்பிக்க முடியும். அதனால் கையெழுத்துத் தாள்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் இன்னொரு வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்தப் பதில்.

தப்பு நடக்கும் நேரம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இரண்டாவது ஷிப்ட் முடிய அரை மணி நேரம்தான் இருக்கிறது. கஸ்டமர் லாரி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. ஹார்ட்னஸ் ரீடிங் (உலோகத்தின் கடினத்தன்மை அளவு) எல்லைக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. ஷிப்ட் இன்சார்ஜ் "டேய், போன லாட் ரீடிங்கையே போட்டு அனுப்பிவிடு, காலையில பாத்துக்கலாம்" என்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத டிப்ளமோ படித்த பையன் ஒருவன் கையில் பேனா இருக்கிறது. "நேர்மையே நம் அடையாளம்" என்ற போஸ்டர் அவன் தலைக்கு மேலேயே இருக்கலாம். அவனுக்கு அந்த நொடியில் வேண்டியது மூன்று. இது எந்த விதிக்குள் வருகிறது என்று தெரிய வேண்டும். சூப்பர்வைசரிடம் மரியாதை கெடாமல் என்ன சொல்வது என்று தெரிய வேண்டும். அவர் கேட்காவிட்டால் இந்த ராத்திரியில் யாருக்கு போன் போடுவது என்று தெரிய வேண்டும். உங்கள் பயிற்சியில் இந்த மூன்றும் இருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் முதலாவது மட்டும், அதுவும் சட்ட மொழியில் இருக்கும்.

அதனால் முதல் வேலை, இந்த மாதிரி நேரங்களைச் சேகரிப்பது. இதை எச்ஆர் அறையில் உட்கார்ந்து செய்ய முடியாது. ஸ்டோர்ஸ்காரர், வே பிரிட்ஜில் எடை போடுபவர், கேட் செக்யூரிட்டி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டரின் ஆள்கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் ஊழியர் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "இங்கே யார் தப்பு செய்கிறார்கள்?" என்று கேட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். "உங்கள் வேலையில் எந்த இடத்தில் 'சரி, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்க'ன்னு யாராவது கேட்பாங்க?" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். ஸ்கிராப் லாரியின் காலி எடையைக் கூட்டிப் போடச் சொல்வது, வராத ஆளுக்கு வருகை போடச் சொல்வது, பிரஸ் மெஷினில் பாதுகாப்பு சென்சாரை டேப் ஒட்டி மறைத்துவிட்டு ஓட்டச் சொல்வது, ஆய்வுக்கு வரும் அதிகாரியின் டிரைவருக்கு ஏதாவது கொடுக்கச் சொல்வது என்று உங்கள் தொழிற்சாலைக்கே உரிய பட்டியல் ஒன்று கிடைக்கும். உங்கள் செய்திகள் எல்லாம் இந்தப் பட்டியலிலிருந்து பிறக்க வேண்டும். தலைமை அலுவலகம் அனுப்பும் 40 பக்கக் கையேடு பின்னால் இருக்கட்டும்.

எழுதும் விதத்துக்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். வழக்கமான கையேட்டில் இப்படி இருக்கும்: "ஊழியர்கள் விற்பனையாளர்களிடமிருந்து எவ்விதத் தகாத அனுகூலங்களையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பெறுதல் கூடாது." இது தவறில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் சப்ளையரின் ஆள் ஒரு பையோடு வந்து நிற்கும்போது பர்ச்சேஸ் பையனுக்கு இது எதையும் சொல்லித் தராது. ஸ்வீட் பாக்ஸ் தகாத அனுகூலமா? அதற்குள் ஒரு வெள்ளிக் காசு இருந்தால்? வீட்டு அட்ரஸுக்கே பார்சல் வந்துவிட்டால்? அதையே இப்படிச் சொல்லலாம்:

"சப்ளையர் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை வாங்கலாம், ஆனால் டிபார்ட்மென்டில் திறந்து எல்லோரும் சாப்பிடுங்கள். வெள்ளிக் காசு, கிஃப்ட் கார்டு, துணி, பணக் கவர் எதுவும் வேண்டாம். 'கம்பெனி ரூல் சார், தப்பா எடுத்துக்காதீங்க, மேனேஜர் எல்லோருக்கும் லெட்டர் போட்டிருக்கார்' என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் அட்மின் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒப்படைத்தவர்களை யாரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள்."

இந்தச் செய்தியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த மறுக்கும் வாக்கியம். நம் ஊரில் பண்டிகைக்குக் கொடுத்ததை வாங்க மறுப்பது கொடுத்தவரை அவமதிப்பது போல. விதி என்னவென்று தெரியாததால் வாங்குபவர்களைவிட, முகத்தை முறிக்க மனமில்லாமல் வாங்குபவர்கள்தான் அதிகம். அந்தச் சங்கடத்தை நீங்கள் அவர்கள் தோளிலிருந்து இறக்கிவைக்க வேண்டும். எப்படி? ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பே பர்ச்சேஸ் தலைவர் கையெழுத்தோடு எல்லா சப்ளையருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: எங்கள் ஊழியர் யாருக்கும் பரிசு அனுப்பாதீர்கள், அனுப்பாததால் உங்கள் ஆர்டர் குறையாது, யாராவது கேட்டால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள். ஊழியர்களுக்கான பத்துப் போஸ்டரைவிட சப்ளையருக்குப் போகும் இந்த ஒரு கடிதம் அதிகம் சாதிக்கும். நடத்தை விதி பற்றிய செய்தி என்றால் ஊழியருக்கு மட்டும் அனுப்புவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஊழியர்மேல் நெருக்கடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கும் செய்தி போக வேண்டும்.

அந்த நெருக்கடி பெரும்பாலும் உள்ளேயிருந்து, மேலேயிருந்து வருகிறது. உங்கள் தொழிலுக்கே நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானில் டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு, 2023 டிசம்பரில் எல்லா மாடல்களின் விநியோகத்தையும் நிறுத்த வேண்டி வந்தது. பாதுகாப்புச் சோதனைகளில் 64 மாடல்களில் முறைகேடு, மொத்தம் 174 முறைகேடுகள், மிகப் பழையது 1989-ஐச் சேர்ந்தது. அங்கே விதிகள் இல்லாமலா இருந்தன? சுயேச்சையான விசாரணைக் குழு சொன்ன முக்கியக் காரணம், மூச்சுவிட முடியாத அளவுக்கு இறுக்கமான தயாரிப்புக் காலக்கெடு. சோதனையில் தோற்றால் நேரம் கிடையாது, தோற்கவே கூடாது என்ற நிலையில் தரவைத் திருத்தினார்கள். விஷயம் வெளியே வந்தது 2023 ஏப்ரலில், உள்ளேயிருந்த ஒருவர் கொடுத்த தகவலால்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கோ கார்டோ விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, சுமார் 5,300 பேர் அதற்குள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அந்த வங்கியிலும் எத்திக்ஸ் பயிற்சி இருந்தது, முறைகேட்டை போனில் சொல்ல எத்திக்ஸ் ஹாட்லைனும் இருந்தது. பயிற்சி வகுப்பில் கேட்டது எப்போதாவது ஒரு நாள். இலக்கு எங்கே நிற்கிறது என்ற கேள்வியோ தினம் தினம். எதை மனிதர்கள் உண்மையான உத்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

எனவே உங்கள் பிளான்ட் ஹெட் காலை மீட்டிங்கில் என்ன கேட்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். டிஸ்பாட்ச் எண்ணிக்கை, ரிஜெக்ஷன் சதவீதம், ஓவர்டைம் ஆகியவை மட்டும்தான் பேசப்படுகின்றன என்றால், அதுதான் உங்கள் கம்பெனியின் நடத்தை விதி. அவரிடம் எச்ஆர் போய் "எத்திக்ஸ் பற்றிப் பேசுங்கள் சார்" என்றால் பொதுவாக இரண்டு நிமிடம் உபதேசம் செய்வார், பலன் இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு குறிப்பான காரியத்தைக் கேளுங்கள். யாராவது தவறான ரீடிங்கைப் போட மறுத்து லைனை நிறுத்தியிருந்தால், மறுநாள் மீட்டிங்கில் அவர் முன்னாலேயே "நேற்று லாட்டை நிறுத்தினது சரி, கஸ்டமரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். கான்டீன் வரிசையில் மதியத்துக்குள் அந்தச் செய்தி பரவிவிடும். மாறாக, நிறுத்தினவரை மாதக் கடைசியில் வேறு ஷிப்ட்டுக்கு மாற்றினாலும் அதுவும் அதே வேகத்தில் பரவும். அப்புறம் நீங்கள் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் எடுபடாது.

சூப்பர்வைசர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. தொழிலாளிக்குக் கம்பெனி என்றால் எம்.டி. இல்லை, அவனுக்கு லீவு கொடுக்கும் சூப்பர்வைசர்தான். அவர் வாயிலிருந்து வராத எதையும் அவன் கம்பெனியின் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சூப்பர்வைசருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு ஸ்லைடு தொகுப்பை அனுப்பி, "உங்கள் டீமுக்கு எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்" என்கிறோம். அவரும் ஷிப்ட் தொடங்கும்போது தாளைச் சுற்றுக்கு விடுகிறார். இதை மாற்ற, மாதத்துக்கு ஒரு சம்பவம், ஒரு பக்கம், பத்து நிமிடம் போதும். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சி, அதன் கடைசியில் "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி, சூப்பர்வைசருக்கு மட்டும் தனியாக இரண்டு வரி விளக்கம். அவர் படிக்கக் கூடாது, கேட்க வேண்டும். முதல் மாதம் யாரும் பேசமாட்டார்கள். பரவாயில்லை, அமைதியாக இருந்தாலும் விடையைச் சொல்லாமல் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். சில மாதத்தில், "சார், போன வாரம் நம்ம லைன்லயே இப்படி ஆச்சே" என்று யாராவது தொடங்குவார்கள்.

இதற்கு முன்னால் சூப்பர்வைசர்களை மட்டும் உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுங்கள். தலைப்பு ஒன்றே ஒன்று: உங்களிடம் ஒருவர் புகார் சொன்னால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும். "சாட்சி இருக்கா?", "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் இருக்கப் பழகினாலே பாதி வெற்றி. கேட்பது, குறித்துக்கொள்வது, "யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்கிறேன்" என்று சொல்லி அதைச் செய்வது, இவ்வளவுதான்.

பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தைப் பற்றிய செய்தி இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. 1997-ல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு, அதன் பின்னால் 2013-ல் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது எல்லா எச்ஆருக்கும் தெரியும். குழு அமைத்த ஆணையையும், தொல்லைக்கான தண்டனை விவரங்களையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்று 19-வது பிரிவு சொல்கிறது. ஒட்டியும் இருப்பீர்கள். ரிசப்ஷனில், கண்ணாடிச் சட்டத்துக்குள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் பெண் ரிசப்ஷன் பக்கம் எப்போது போவார்? அப்படியே போனாலும் எல்லோர் முன்னாலும் நின்று அதைப் படிப்பாரா, நம்பரைக் குறித்துக்கொள்வாரா? பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உடைமாற்றும் அறை, கம்பெனி பஸ்ஸின் இருக்கைப் பின்புறம், விடுதியின் உள்ளே, இங்கெல்லாம் ஒட்டுங்கள். குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இடையில் ராஜினாமா செய்தவர்களும் இருப்பார்கள். வேலையை விட்டுப் போய்விட்டவரின் போன் நம்பரைத் தாங்கி நிற்கும் போஸ்டர்களை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஒரு பெண் போன் செய்யும்போது "நான் அங்கே இப்போ இல்லைம்மா" என்று பதில் வந்தால், அவர் இரண்டாவது முறை முயற்சி செய்யமாட்டார். மாதம் ஒருமுறை நீங்களே அந்த நம்பர்களுக்கு போன் செய்து பாருங்கள்.

போஸ்டரில் என்ன எழுதுவது? சட்டத்தின் நீளமான பெயரும் பிரிவு எண்களும் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும். மேலே பெரிதாக வேண்டியவை, அந்தப் பெண்ணின் மனதில் ஓடும் கேள்விகளுக்கான பதில்கள். நான் கான்ட்ராக்ட் ஆள், எனக்கும் இது உண்டா? உண்டு, ஒப்பந்தத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரெண்டிஸ், தினக்கூலி எல்லோருக்கும் சட்டம் பொருந்தும். எனக்கு எழுத வராதே? குழு உறுப்பினர் எழுத உதவ வேண்டும், அது அவர்கள் கடமை. எத்தனை நாளைக்குள் சொல்ல வேண்டும்? நடந்து மூன்று மாதத்துக்குள். சொல்ல முடியாத காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போது அந்த ஆளின் கீழேயே வேலை செய்ய வேண்டுமா? வேறு இடத்துக்கு மாற்றவோ மூன்று மாதம்வரை லீவு கொடுக்கவோ குழுவிடம் கேட்கலாம். நிரூபிக்க முடியாவிட்டால் என்னைத் தண்டிப்பார்களா? நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது. இந்தக் கடைசிப் பதிலைத் தயவுசெய்து விடாதீர்கள். "பொய்ப் புகார் கொடுத்தால் கடும் நடவடிக்கை" என்ற வரியைப் பல கம்பெனிகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. சட்டத்தில் அது கெட்ட எண்ணத்தோடோ பொய் என்று தெரிந்தோ புகார் கொடுப்பவருக்கும், போலி ஆவணம் காட்டுபவருக்கும் மட்டும். போஸ்டரில் அதை முன்னால் வைத்தால், நீங்கள் புகாரே வேண்டாம் என்று சொல்வதாகத்தான் படிப்பவருக்குப் படும்.

மொழி. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-வது பிரிவில் எழுதி வைத்தார்கள். அப்போது ஒரு தொழிற்சாலைக்கு ஒரு மொழி போதுமாக இருந்திருக்கும். இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரே லைனில் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளி பேசுபவர்கள் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் நான்கு மொழியில் அச்சடிப்பது ஒரு வழி; ஆனால் படிக்கவே சிரமப்படுபவர்களுக்கு அது உதவாது. இரண்டு நிமிட ஆடியோவாக, அவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் குரலில், பேச்சுமொழியில் பதிவு செய்யுங்கள். வெளியே ஏஜென்சிக்குக் கொடுத்தால் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு மொழிபெயர்ப்பு வரும். விடுதியில் மூத்தவராக மதிக்கப்படும் ஒடியாத் தொழிலாளியை உட்காரவைத்து, விஷயத்தை விளக்கி, அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்ல விடுங்கள். பிறகு வேறு ஒருவரைக் கேட்கவைத்து "என்ன புரிந்தது?" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். கான்ட்ராக்டரின் ஆளையே மொழிபெயர்ப்பாளராக வைத்தால், கான்ட்ராக்டருக்கு எதிரான புகார் எப்படிச் செய்வது என்ற பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும்.

இனி, வாய் திறப்பது. மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏசிஎஃப்இ 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்கள் ஆராய்ந்த மோசடிகளில் 43 சதவீதம் யாராவது தகவல் கொடுத்ததால் பிடிபட்டவை. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்களிடமிருந்து வந்தவை. ஆடிட், சிசிடிவி எல்லாம் அதற்குப் பின்னால்தான். அப்படியென்றால் உங்கள் செய்திகளில் பாதியாவது "செய்யாதே" என்பதை விட்டு "சொல்" என்பதைப் பற்றி இருக்க வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று ஊழியர்களைக் கேட்டால் அவர்கள் கேட்பது இவைதான்: போனை யார் எடுப்பார்? என் குரலை அவருக்குத் தெரியுமா? கம்பெனி போனில் பேசினால் நம்பர் தெரியுமா? பெயர் சொல்லாமல் சொல்லலாமா? நான் சொன்னது எனக்குப் பின்னால் எங்கே போகும்? இதற்கெல்லாம் நேரான பதில் கொடுங்கள். "முழு ரகசியம் உறுதி" என்று எழுதாதீர்கள், ஏனென்றால் அது உங்களால் முடியாது. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை ஒருவர் புகாராகச் சொன்னால், விசாரணை தொடங்கியதுமே யார் சொன்னது என்று ஊகிப்பார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, "அப்படி ஊகித்து யாராவது உங்களைத் தொந்தரவு செய்தால் அதுவே தனிக் குற்றம், அதை இவரிடம் சொல்லுங்கள்" என்று சொல்வதுதான் மரியாதை.

வெல்ஸ் ஃபார்கோவில் தன் மேலதிகாரிகளிடமும் ஹாட்லைனிலும் முறைகேட்டைச் சொன்ன ஒரு மேலாளரை 2010-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 2017-ல் அவருக்கு 54 லட்சம் டாலர் கொடுக்கவும் திரும்ப வேலைக்கு எடுக்கவும் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் அந்தக் கிளையில் இருந்தவர்கள் ஹாட்லைன் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால், ஒரு பழிவாங்கல் எத்தனை போஸ்டரை அழிக்கும் என்பது புரியும். புகார் கொடுத்தவரின் இன்கிரிமென்ட், ஷிப்ட், ஓவர்டைம், கான்ட்ராக்ட் புதுப்பிப்பு ஆகியவற்றை அடுத்த ஒரு வருடத்துக்கு எச்ஆரே தனியாகக் கண்காணிக்க வேண்டும். இதைச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் சொல்லவும் வேண்டும்.

அப்புறம், புகாருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். பெயர், பிரிவு, அடையாளம் எதுவும் இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை: "எடை போடும் இடத்தில் முறைகேடு என்று தகவல் வந்தது. விசாரித்தோம், உண்மை. ஒருவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார், எடைச் சீட்டு இப்போது நேராக கம்ப்யூட்டரில் பதிவாகிறது. இன்னொரு தகவல் விசாரித்ததில் சரியில்லை என்று தெரிந்தது. சொன்னவர்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை." பாலியல் தொல்லைப் புகார்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றின் விவரங்களை வெளியிட 2013 சட்டத்தின் 16-வது பிரிவு தடை செய்கிறது; ஒரு தொழிற்சாலைக்குள் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். மற்றவற்றில், நான் பார்த்த வரையில், இந்த அரைப் பக்க அறிக்கையைப் போல நம்பிக்கையை வளர்ப்பது வேறொன்றுமில்லை. தவறு செய்தவர் மேனேஜராக இருந்தபோதும் இதில் ஒரு வரி வந்தது என்றால் அதை ஊழியர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும். உறுதிமொழிப் படிவத்தின் கீழே கையெழுத்து வாங்காமல் மேலேயே வாங்கினால் மனிதர்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று சில பயிற்சியாளர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2012-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைதான் அதன் அடிப்படை. அதில் பயன்படுத்தப்பட்ட தரவு புனையப்பட்டது என்று தெரிந்து 2021-ல் அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. இப்படிக் குறுக்கு வழி சொல்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆன்லைன் பயிற்சி, குவிஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸ் ஊழியர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலைக்கு ஏற்றபடி பிரியுங்கள். டெண்டர் பக்கமே போகாத அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு டெண்டர் விதிகளைப் பற்றி நாற்பது நிமிடம் ஓட்டினால், அடுத்த முறை அவருக்கு வேண்டியதையும் பார்க்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுவார்.

எத்தனை சதவீதம் பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற எண்ணை ஆடிட்டருக்குக் கொடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: தப்பு நடப்பதற்கு முன்பே "இதைச் செய்யலாமா?" என்று கேட்டு எத்தனை பேர் வந்தார்கள். யாராவது பர்ச்சேஸ் பையன் வீட்டுக்கு வந்த பார்சலோடு அட்மின் ஆபீஸ் வாசலில் நின்றால், உங்கள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. லைனில் பத்துப் பேரை அவ்வப்போது நிறுத்தி "ராத்திரி ஷிப்ட்டில் ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால், அல்லது "சூப்பர்வைசரிடம்" என்று மட்டும் வந்தால், இன்னும் வேலை இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் குவாலிட்டி, பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் எம்.டி.யிடம் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். இது சரியாக நடந்தால் முதல் ஆறு மாதத்தில் புகார்கள் கூடும், குறையாது. இதுவரை பேசாதவர்கள் பேசத் தொடங்குவார்கள், பழைய விஷயங்களும் வரும். "நீங்கள் வந்து ஏதோ ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு பிரச்சினை" என்று நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் எம்.டி. என்ன பதில் சொல்லப் போகிறார் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றினால், போஸ்டர் அச்சடிக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவரிடம் பேசுவதிலிருந்தே தொடங்குங்கள்.